என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் காகிதம்: போக்குவரத்து அருங்காட்சியகங்களில் தன்னார்வலர்கள் செய்யும் வேலை

2008ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு புத்தம் புது நீராவி என்ஜின் ஓட ஆரம்பித்தது. பெயர் டொர்னாடோ, எண் 60163. அந்த வகை என்ஜின்கள் 1940களின் கடைசியில் மொத்தம் 49 செய்யப்பட்டன. 1966க்குள் ஒன்று விடாமல் பழைய இரும்புக்குப் போய்விட்டன. பார்த்துச் செய்ய ஒன்றுகூட மிச்சமில்லை. அப்புறம் எப்படி ஐம்பதாவது வந்தது? வடிவமைத்த காலத்தில் போட்ட மூல வரைபடங்கள் யார்க் நகரில் உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் இருந்தன. 1990ல் தொடங்கிய ஒரு குழு அவற்றைத் தேடி எடுத்து, பிரதி எடுத்து, 18 ஆண்டுகளில் என்ஜினை ஓட்டியே காட்டிவிட்டது. இரும்பு போனாலும் காகிதம் இருந்ததால் இரும்பு திரும்ப வந்தது.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் என்ஜினைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அந்த வரைபடங்கள் மேல்தான் கண். எந்த வரைபடம் எந்த அலமாரியில் இருக்கிறது, எது எந்த உறுப்புக்கு உரியது, எது கடைசியாகத் திருத்தப்பட்ட பிரதி என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

போக்குவரத்து அருங்காட்சியகம் என்றால் பளபளக்கும் பஸ், டிராம், ரயில் பெட்டி என்றுதான் நினைவுக்கு வரும். அதே கட்டடத்தின் பின்பக்கத்திலோ ஊருக்கு வெளியே ஒரு கிடங்கிலோ இன்னொரு சேகரிப்பு இருக்கும். பணிமனை வரைபடங்கள், கண்ணாடி நெகடிவ்கள், கால அட்டவணைகள், சுவரொட்டிகள், டிக்கெட்டுகள், ஊழியர் பதிவேடுகள், விபத்து விசாரணை அறிக்கைகள், ரயில் ரசிகர் ஒருவர் ஐம்பது வருஷம் எழுதிய குறிப்பேடுகள். நிறுவனங்கள் மூடும்போதும் இணையும்போதும் லாரி லாரியாக வந்து இறங்கியவை இவை. சம்பளம் வாங்கும் ஆவணக்காப்பாளர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். பெட்டிகளோ ஆயிரக்கணக்கில். அந்த இடைவெளியில்தான் தன்னார்வலர்கள் வருகிறார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள், பஸ் ஓட்டுநர்கள், பொறியாளர்கள், ஆசிரியர்கள், இந்தத் துறையில் வேலை தேடும் மாணவர்கள் சிலர்.

போக்குவரத்துத் துறைக்கு இது புதிதும் அல்ல. வேல்ஸில் உள்ள டாலிலின் ரயில்பாதையை 1951லேயே தன்னார்வலர்கள் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். என்ஜினுக்குக் கரி அள்ளிப் போட ஆள் வந்தால், காகிதத்தை அடுக்கவும் ஆள் வரத்தானே செய்யும். என்ன, கரி அள்ளுகிறவரைப் படம் எடுப்பார்கள், அடுக்குகிறவரை எடுக்க மாட்டார்கள்.

பெட்டியைத் திறந்ததும்

ஒரு தன்னார்வலரின் முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம். மேசை மேல் ஒரு பழைய பெட்டி. ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவரின் குடும்பம் கொடுத்தது. உள்ளே கடிதக் கட்டு, நாலைந்து வரைபடச் சுருள், உறையில் போட்ட படங்கள், ரப்பர் பேண்டு போட்ட டிக்கெட்டுகள். ரப்பர் உருகி டிக்கெட்டோடு ஒட்டியிருக்கிறது. கை பரபரக்கும். படங்களை ஒரு பக்கம், கடிதங்களை ஒரு பக்கம், எல்லாவற்றையும் தேதி வாரியாக என்று பிரித்துவிட்டால் எவ்வளவு அழகாக இருக்கும்!

அதைத்தான் செய்யக்கூடாது. முதல் பாடமே எதையும் கலைக்காதே என்பதுதான். ஆவணக்காப்பகத் துறை இரண்டு கொள்கைகளின் மேல் நிற்கிறது. ஒருவரிடமிருந்தோ ஒரு நிறுவனத்திடமிருந்தோ வந்ததை மற்றவர்களுடையதோடு கலக்கக்கூடாது. இது பிரான்சில் 1841லேயே அரசு விதியாக எழுதப்பட்டது. அவர் வைத்திருந்த வரிசையை மாற்றக்கூடாது என்பது இரண்டாவது. காரணம் எளிது. ஒரு வரைபடம் ஒரு புகார்க் கடிதத்தோடு சேர்த்துக் குத்தப்பட்டிருந்தால், அந்தப் புகாரால்தான் அந்த உறுப்பு மாற்றப்பட்டது என்று அந்தக் குண்டூசி சொல்கிறது. இரண்டையும் பிரித்து, இதை வரைபட அலமாரியிலும் அதைக் கடிதப் பெட்டியிலும் போட்டால் இரண்டும் பத்திரமாக இருக்கும். சம்பந்தம் மட்டும் போய்விடும். குண்டூசி துருப்பிடித்திருந்தால் கழற்றத்தான் வேண்டும். ஆனால் எது எதோடு இருந்தது என்று எழுதிவிட்டுக் கழற்ற வேண்டும்.

நூலகப் பட்டியலும் இதுவும் வேறு வேறு. ஒரு புத்தகம் தனியாக நின்றாலும் அதற்குப் பொருள் உண்டு. ஆவணம் கூட்டத்தோடு இருந்தால்தான் பேசும். அதனால் பட்டியலும் மரம் மாதிரி இருக்கும்: மேலே முழுச் சேகரிப்பு, அதற்குக் கீழே பிரிவுகள், கீழே கோப்புகள், கடைசியில் ஒற்றைத் தாள். ஆவணங்களைப் பட்டியலில் எப்படி விவரிப்பது என்று சொல்லும் சர்வதேச நெறி 1994ல் முதலில் வந்தது. 2000ல் இரண்டாம் பதிப்பு. அதில் 26 கட்டங்கள் இருந்தாலும் நாடுகளுக்கிடையே பரிமாற அவசியம் என்று அது சொல்வது ஆறுதான்: குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், தேதி, அளவு, மரத்தில் எந்தப் படியில் இருக்கிறது என்பது. ஆறு கட்டம்தானே என்று தோன்றும். போக்குவரத்துக் காகிதங்களில் அந்த ஆறையும் நிரப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தேதியையே எடுத்துக்கொள்வோம். பணிமனை வரைபடத்தின் மூலையில் ஒரு கட்டத்தில் தேதி போட்டிருக்கும். அது முதலில் வரைந்த தேதி. அதே வரைபடத்தை இருபது வருஷம் பயன்படுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிளேடால் கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக் கோடு போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்திருப்பார்கள். நம் கையில் இருப்பது முதல் தேதியில் இருந்த என்ஜின் இல்லை, கடைசித் திருத்தத்தில் இருந்த என்ஜின். இரண்டு தேதியையும் எழுதாவிட்டால் பிற்பாடு ஒருவர் தப்பான அளவில் உலோகம் வெட்டுவார்.

எண்களும் அப்படித்தான். உலகப் புகழ் பெற்ற 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' என்ஜின் 1923ல் வெளிவந்தபோது அதன் எண் 1472. அடுத்த வருஷம் 4472 ஆனது. 1946ல் முதலில் 502, சில மாதத்திலேயே 103. 1948ல் ரயில்வே நாட்டுடைமை ஆனபின் 60103. ஒரே என்ஜின், ஐந்து எண்கள். பெயர் இல்லாமல் எண் மட்டும் தெரியும் ஒரு படம் கிடைத்தால், அது எந்தக் காலத்துப் படம் என்று எண்ணே ஓரளவு சொல்லிவிடும். ஆனால் பட்டியலில் 'என்ஜின் 103' என்று மட்டும் எழுதினால், 4472 என்று தேடுகிறவருக்கு அந்தப் படம் கிடைக்கவே கிடைக்காது. எண்ணை அப்படியே எழுது, பெயரையும் மற்ற எண்களையும் சேர்த்துக் கட்டு என்பதுதான் வழி. பஸ்களிலும் இதே தலைவலி உண்டு. பதிவெண் ஒன்று, டிப்போ எண் ஒன்று, சேஸிஸ் எண் ஒன்று. மேல்கட்டுமானத்தைக் கழற்றி வேறு சேஸிஸில் ஏற்றியிருந்தால் எது 'அந்த பஸ்' என்பதே விவாதத்துக்குரிய விஷயம்.

கண் ஏமாறும் இடங்கள்

பணிமனைகளின் அதிகாரபூர்வப் படங்கள் தனி உலகம். புது என்ஜின் வெளிவந்ததும் பெரிய கண்ணாடித் தகட்டில் ஒரு படம் எடுப்பார்கள். விவரம் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக அந்தப் படத்துக்கென்றே என்ஜினுக்குச் சாம்பல் நிறம் அடிப்பதும் உண்டு. படம் எடுத்து முடித்ததும் நிஜ வண்ணம் பூசுவார்கள். இது தெரியாத ஒருவர் 'சாம்பல் வண்ணத்தில் ஓடிய என்ஜின்' என்று எழுதிவிடலாம். அந்தக்காலத் தகடுகள் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது என்பது இன்னொரு வலை. சிவப்பு வண்டி படத்தில் கருப்பாக விழும்.

இதைவிட வேதனையான ஒன்று உண்டு. பின்னணியில் இருக்கும் கொட்டகையும் ஆட்களும் அச்சில் வரக்கூடாது என்று தகட்டின் மேல் என்ஜினைச் சுற்றித் தூரிகையால் சாயம் பூசியிருப்பார்கள். திட்டுத் திட்டாக, அழுக்கு மாதிரியே இருக்கும். நல்ல எண்ணத்தோடு பஞ்சை நனைத்து அதைத் துடைத்தால், நூறு வருஷத்துக்கு முந்திய கைவேலை பஞ்சில் வந்துவிடும். அதனால் கண்ணாடித் தகடு என்றால் விதிகள் கறார்: நைட்ரைல் கையுறை, இரண்டு கையாலும் விளிம்பை மட்டும் பிடித்தல், நான்கு பக்கமும் மடியும் காகித உறை, நீண்ட பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்திவைத்தல். உடைந்த தகட்டை மட்டும் படுக்க வைக்க வேண்டும். உறையில் எழுத வேண்டியதைத் தகட்டை உள்ளே போடும் முன்பே பென்சிலால் எழுதிவிட வேண்டும். போட்டபின் எழுதினால் அழுத்தம் உள்ளே பதியும். பேனாவுக்கு அந்த அறையில் இடமே இல்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குணம். ப்ளூபிரிண்டில் இருக்கும் நீலம், அமிலத்துக்கு எதிரான காரம் பட்டால் வெளுக்கும். மற்ற காகிதங்களுக்கு நல்லது என்று வாங்கும் காரம் கலந்த உறையை இதற்குப் போட்டால், காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக் கெடுத்துவிடுவோம். ஒளியில் மங்கிய நீலம் இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்ப வரும் என்பது அதன் இன்னொரு வேடிக்கை. வரைபடத் துணி என்று ஒன்று இருந்தது, மெல்லிய துணியில் ஸ்டார்ச் ஏற்றிப் பளபளப்பாக்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அந்த இடம் வெள்ளையாகப் பூத்துவிடும். வேண்டாத வரைபடங்களைத் துவைத்து ஸ்டார்ச்சை எடுத்துவிட்டுக் கைக்குட்டை தைத்துக்கொண்டவர்கள் உண்டு என்று சொல்வார்கள். எத்தனை என்ஜின்கள் அப்படி மூக்குத் துடைக்கப் போயினவோ!

பிலிமுக்கு மட்டும் பயப்பட வேண்டும். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் பிலிம் சிதையும்போது சுமார் 40 டிகிரி வெப்பத்திலேயே தானாகத் தீப்பிடிக்கக்கூடும். எரியத் தேவையான ஆக்சிஜனை அதுவே தருவதால் தண்ணீருக்குள்ளும் எரியும். சந்தேகம் வந்தால் தன்னார்வலர் அந்தப் பெட்டியை மூடிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதற்குப்பின் வந்த அசிடேட் பிலிம் தீக்கு அவ்வளவு மோசம் இல்லை, ஆனால் அழுகும். மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை வரும். நீலத்திலிருந்து பச்சையாகி மஞ்சளாகும் சோதனைப் பட்டைகளைப் பெட்டிக்குள் போட்டு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒன்று கெட்டால் அந்த ஆவி பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும். அதனால் எதை முதலில் குளிர் அறைக்கு அனுப்புவது, எதை முதலில் ஸ்கேன் செய்வது என்பதைப் பட்டியலே முடிவு செய்கிறது.

மற்றபடி அன்றாடக் காப்பு வேலை சலிப்பானதுதான். அறை வெப்பம் 13 முதல் 20 டிகிரிக்குள், ஈரப்பதம் 35 முதல் 60 சதவிகிதத்துக்குள். அதைவிட முக்கியம் அது திடீர் திடீரென்று ஏறி இறங்காமல் இருப்பது. தூசி தட்ட மென்தூரிகை. பூச்சி வந்த காகிதக் கட்டை உறையிட்டு ஆழ்குளிரில் போடுவது. செலோடேப்பைத் தொடாமல் இருப்பது.

பட்டியல் போடுகிறவரின் ஆசை

ஓய்வுபெற்ற சிக்னல்காரர் ஒருவரிடம் பழைய ஸ்டேஷன் படத்தைக் கொடுத்தால், கம்பத்தின் வடிவத்தையும் கைகாட்டி சாய்ந்த கோணத்தையும் பார்த்து இது எந்தக் கம்பெனியின் பாதை என்று சொல்லிவிடுவார். இந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுசாகக் கிடையாது. காகிதம் நல்ல பெட்டியில் இன்னும் பல நூறு வருஷம் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த மனிதர் அவ்வளவு காலம் இருக்க மாட்டார். தன்னார்வலர் திட்டங்களின் உண்மையான அவசரம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சம்பளம் மிச்சம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆனால் அனுபவசாலியும் தப்பு செய்வார், அதுவும் அடித்துச் சொல்லித் தப்பு செய்வார். அதனால் நல்ல பட்டியலில் 'என்ன' என்பதோடு 'எப்படித் தெரியும்' என்பதும் இருக்கும். படத்தின் பின்னால் எழுதியிருந்ததா, உறையில் இருந்ததா, இன்னார் பார்த்துச் சொன்னாரா? ஆவணத்தில் இல்லாமல் பட்டியலிட்டவர் தானாகச் சேர்த்த தலைப்பையும் தேதியையும் சதுர அடைப்புக்குள் போடுவது பழைய மரபு. இந்த இரண்டு சின்னக் குறிகளை விட்டுவிட்டால் ஒருவரின் ஊகம் பத்து வருஷத்தில் வரலாறாகிவிடும்.

இன்னொரு இழுபறியும் உண்டு. தன்னார்வலருக்கு ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக விவரிக்கத்தான் பிடிக்கும். ஒரு படத்துக்கு அரை மணி நேரம் செலவழித்து ஒரு பத்தி எழுதுவார். அருமையாக இருக்கும். பக்கத்தில் 400 பெட்டிகள் திறக்காமலே கிடக்கும். 2005ல் மார்க் கிரீன், டென்னிஸ் மைஸ்னர் என்ற இரண்டு அமெரிக்க ஆவணக்காப்பாளர்கள் இதைத்தான் கேட்டார்கள்: ஒவ்வொரு ஜெம் கிளிப்பாகக் கழற்றிக்கொண்டு இருக்கிறோமே, அதற்குள் வாசகருக்கு எதுவுமே கிடைக்காமல் போகிறதே? முதலில் எல்லாப் பெட்டிக்கும் மேலோட்டமான விவரம் எழுது, தேவையான இடத்தில் மட்டும் ஆழமாகப் போ என்பது அவர்கள் வாதம். அதோடு நான் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் படங்களுக்கும் வரைபடங்களுக்கும் அது சரிவராது. 'என்ஜின் படங்கள், 3 பெட்டி' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எதில் மேலோட்டம், எதில் ஆழம் என்று பார்த்துச் சொல்லத்தான் சம்பளக்கார ஆவணக்காப்பாளர் வேண்டும். தன்னார்வலர்கள் வந்துவிட்டார்கள், அந்தப் பதவி எதற்கு என்று நினைக்கும் நிர்வாகம் இரண்டையும் இழக்கும். பயிற்சி, மேற்பார்வை, சரிபார்ப்பு எல்லாம் யாரோ ஒருவரின் வேலை நேரம்தான்.

ஆசை எங்கே போகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. என்ஜின் காகிதங்கள் உள்ள பெட்டியைத் திறக்க ஆள் வரிசையில் நிற்கும். சம்பளப் பதிவேட்டுக்கு ஆள் கிடைக்காது. இந்தச் சாய்வை நேராக்கிய ஒரு முயற்சியைச் சொல்ல வேண்டும். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகம், யார்க் அருங்காட்சியகம், வார்விக் பல்கலைக்கழகத்தின் நவீன ஆவண மையம் மூன்றும் சேர்ந்து நடத்துவது அது. 1939க்கு முன் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வேலையில் அடிபட்ட, இறந்துபோன ரயில்வே ஊழியர்களின் விவரங்களைத் தன்னார்வலர்கள் விசாரணை அறிக்கைகளிலிருந்து வரி வரியாகக் கணினி அட்டவணைக்கு மாற்றுகிறார்கள். பெயர், வேலை, நடந்த இடம், நேரம், என்ன நடந்தது. தனித்தனி அறிக்கையாக இருந்தபோது ஒவ்வொன்றும் ஒருவருடைய துரதிர்ஷ்டம். அட்டவணையில் விழுந்ததும், ரயில் பெட்டிகளை இணைக்கும் வேலையில் ஒரே மாதிரி கைகள் நசுங்கியதும், பாதையில் வேலை செய்தவர்கள் ஒரே மாதிரி அடிபட்டதும் வரிசையாகத் தெரிய ஆரம்பிக்கிறது. தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடுகிறவர்களும் அங்கே வருகிறார்கள்.

ஆட்களைப் பற்றிய பதிவேடு என்றால் அந்தரங்கமும் வரும். மருத்துவக் குறிப்பு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அதில் இருக்கும். தேதி தெரியாதபோது ஒருவர் 100 வயது வரை வாழ்ந்திருக்கலாம் என்று வைத்துக் கணக்கிட்டு, அதுவரை மூடி வைப்பது காப்பகங்களில் வழக்கம். தன்னார்வலர் தன் பக்கத்து வீட்டுக்காரரின் கோப்பைத் திறந்துவிடும் வாய்ப்பு சின்ன ஊர்களில் நிஜமாகவே உண்டு. முதல் நாளே ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவது சும்மா சடங்குக்கு இல்லை.

மூன்று காகிதம், ஒரே ரயில்

ஏன் இத்தனையையும் வைத்திருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம் போதும். பயணிகளுக்கு அச்சிட்ட கால அட்டவணை ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிறது. ஊழியர்களுக்கு மட்டும் அச்சிட்ட வேலை அட்டவணையில் அதே ரயிலோடு சரக்கு வண்டிகளும் காலிப் பெட்டிகளும் எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது இருக்கும். சிக்னல் அறையில் கைப்பட எழுதிய பதிவேட்டில்தான் அன்றைக்கு அது உண்மையில் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குக் கடந்தது என்பது இருக்கும். முதலாவது ஆயிரக்கணக்கில் அச்சானது, ரசிகர்கள் சேர்த்தும் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது உலகத்திலேயே ஒன்றுதான். அழகில்லாததால் குப்பைக்கு முதலில் போவதும் அதுவே.

டிக்கெட்டில்கூட இதே கதைதான். தாமஸ் எட்மண்ட்சன் 1830களில் வடக்கு இங்கிலாந்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது கண்டுபிடித்த சின்ன அட்டை டிக்கெட், சுமார் 57க்கு 30 மில்லிமீட்டர், உலகமெங்கும் பரவியது. பிரிட்டிஷ் ரயில் அதை 1990ல்தான் நிறுத்தியது. வரிசை எண் அச்சிட்டிருப்பதால் கணக்கில் ஏமாற்ற முடியாது. அதற்காகத்தான் அதைச் செய்தார். இன்று அந்த வரிசை எண்ணே ஓர் ஆவணம். பரிசோதகர் வெட்டிய துளையின் வடிவமும் ஓர் ஆவணம். அட்டை கெட்டியானது, அச்சு மையும் போகாது. நூற்றைம்பது வருஷத்து டிக்கெட் நேற்று வாங்கியது மாதிரி இருக்கும்.

இன்றைய சேகரிப்புதான் பயமாக இருக்கிறது. என்ஜின் வரைபடம் இப்போது கணினிக் கோப்பு. அதைத் திறக்கும் மென்பொருள் போனால் கோப்பும் போனதுதான். ஸ்கேன் செய்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பெயர் 'ஸ்கேன் 0047' என்று இருக்கும் கோப்பு, திறக்காத பெட்டியைவிட எந்த விதத்திலும் மேல் கிடையாது. கோப்பை மூன்று இடத்தில் வைத்து, கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்புக் குறியை அவ்வப்போது ஒப்பிட்டு, வடிவம் பழசாகும்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மறந்துபோன டிரங்குப் பெட்டி அறுபது வருஷம் தாக்குப்பிடிக்கும். மறந்துபோன ஹார்ட் டிஸ்க் தாங்காது.

பஸ் நடத்துநரின் கை மெஷினிலிருந்து வரும் டிக்கெட் வெப்பக் காகிதம். அதில் மையே கிடையாது, சூடு பட்ட இடம் கருக்கிறது, அவ்வளவுதான். வெயிலில் வைத்தாலோ பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போட்டாலோ எழுத்து மெல்ல மறைந்துவிடும். சேகரிப்பாளர்கள் ஆசையாக பி.வி.சி. ஆல்பத்தில் அடுக்கிக் கொடுப்பதில் பாதி இப்படித்தான் வந்து சேர்கிறது. மேசையில் தன்னார்வலர் எடுத்து வைப்பது சுருண்ட ஒரு வெள்ளைத் துண்டு. தாளின் பின்பக்கம் விளம்பரம் மட்டும் இருக்கிறது, முன்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆல்பத்தில் அதற்குக் கீழே கொடுத்தவர் கைப்பட எழுதிய வழித்தட எண்ணும் தேதியும் இருக்கின்றன. அதைப் பார்த்து உறையின் மேல் பென்சிலால் எழுதுகிறார்: 'டிக்கெட். எழுத்து மறைந்துவிட்டது. வழித்தடமும் தேதியும் ஆல்பக் குறிப்பின்படி.' துண்டை உள்ளே போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறார்.